ஜாம் ஆன சைலன்சர் நட்டை வீட்டிலேயே கழற்றுவது எப்படி?

கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "12 வருடம் ஓடிய 100 சிசி பைக். சைலன்சர் பைப் எஞ்சின் ஹெட்டில் சேரும் இடத்தில் புகை கசிந்து பட்பட்டென்று சத்தம் வருகிறது. கசிவை அடைக்கிற கேஸ்கெட் வளையத்தை மாற்றலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு நட்டில் ஒன்று பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. இன்னொன்று அசையவே இல்லை, மூலையும் மழுங்க ஆரம்பித்துவிட்டது. கரண்டில் ஓடும் டூல் எதுவும் என்னிடம் கிடையாது. ஸ்பானர் செட், சுத்தியல், ஆக்ஸா பிளேடு இருக்கிறது. ஸ்பானரில் பைப் மாட்டி இழுக்கலாமா அண்ணா?"

தம்பி, முதலில் அந்தப் பைப்பைக் கொல்லைப்பக்கம் போட்டுவிட்டு வாருங்கள். ஏன் என்று ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன்.

அந்த நட்டுக்கு 10 நம்பர் ஸ்பானர் சேருகிறது என்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் 6 மி.மீ. ஸ்டட், அதாவது எஞ்சின் ஹெட்டில் இருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தலையில்லாத மரைக் கம்பி. அதைப் புதிதாக இறுக்கும்போதே சுமார் 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகக் கூடாது. உங்கள் 10 நம்பர் ரிங் ஸ்பானர் 15 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். அதன் நுனியில் 7 கிலோ கனத்துக்கு இழுத்தாலே அந்த இறுக்கம் வந்துவிடும். பாதிக் குடம் தண்ணீரைத் தூக்குகிற பலம், அவ்வளவுதான். முழுக்குடம் கனத்துக்கு இழுத்தால் புது ஸ்டட்டே ஒடிகிற எல்லைக்கு வந்துவிடும். உங்களுடையது 12 வருடம் சூட்டில் வெந்து, துரு அரித்து இளைத்துப்போனது. அதில் முக்கால் அடி, ஒரு அடி பைப்பைச் செருகினால் உங்கள் கைக்கு ஒன்றும் தெரியாமலே ஒடிந்து கையோடு வந்துவிடும். பின்சக்கர ஆக்ஸில் நட்டு, எஞ்சினைச் சேஸில் பிடித்திருக்கும் தடித்த போல்ட், இதற்கெல்லாம் பைப் போடலாம். 10 நம்பருக்குப் போடவே கூடாது.

நான் ஒடித்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 2015 மழைவெள்ளத்தில் என் பழைய வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. வெள்ளம் வடிந்த பிறகு இதே நட்டைக் கழற்ற உட்கார்ந்தேன். இழுத்தேன், கொஞ்சம் இளகினது மாதிரி இருந்தது. இன்னும் இழுத்தேன், வெண்ணெய் மாதிரி சுற்றி வந்தது. அப்பாடா என்று ஸ்பானரைத் திருப்பிப் பார்த்தால் நட்டுக்குள் ஸ்டட்டின் பாதி உட்கார்ந்திருக்கிறது. உடைந்த முகத்தில் நடுவில் மட்டும் பொட்டு வைத்தது போல வெள்ளியாகப் பளபளப்பு, சுற்றிலும் கறுப்பு. அந்தக் கறுப்பு முழுக்கப் பல வருடமாகத் துரு தின்ற இடம். நடுவில் பளபளத்த அந்தப் பொட்டுதான் அதுவரை சைலன்சரைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. மீதி ஸ்டட்டை எடுக்க ஹெட்டையே கழற்றி லேத் பட்டறைக்குச் சுமந்தேன்.

அதனால் வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நட்டு சில ரூபாய். ஸ்டட்டும் பெரிய விலை கிடையாது. ஹெட்தான் காசு. நட்டு போனாலும் பரவாயில்லை என்றுதான் வேலையைத் தொடங்க வேண்டும். ஸ்டட் போனால்கூடச் சமாளிக்கலாம். ஹெட்டில் இருக்கும் மரைக்கு மட்டும் எதுவும் ஆகக் கூடாது.

இது ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறது? நம் ஊரில் ஜன்னல் கம்பிக்கு ஒழுங்காகப் பெயிண்ட் அடிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று கடற்கரைப் பக்கம் இருக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உப்புக்காற்றில் வருகிற உப்பு, மழை இல்லாத நாளிலும் ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்பு துருவாக மாறினால் முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். நட்டின் மரைக்கும் ஸ்டட்டின் மரைக்கும் இடையில் இருப்பதோ முடி அளவு சந்து. அதற்குள் துரு ஊதிப் பெருத்தால் ஆப்பு அடித்த மாதிரிதான். இதில் சைலன்சர் நட்டுக்கு ஒரு கூடுதல் துரதிர்ஷ்டம் உண்டு. எஞ்சினிலேயே அதிகச் சூடு படுகிற இடம் அது. நீங்கள் எண்ணெய் தடவி மாட்டினாலும் ஒரே வாரத்தில் வெந்து காய்ந்துவிடும். காய்ந்த இரும்பு, மேலே உப்பு ஈரம். துருவுக்கு வேறென்ன வேண்டும்?

ஸ்டட்டின் மறு முனை அலுமினிய ஹெட்டுக்குள் இருக்கிறது. அங்கே நடப்பது வேறு கதை. இரும்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு குட்டி பேட்டரி. அதில் கரைவது அலுமினியம். வெளியே வெள்ளைப் பொடியாகப் பூத்திருக்கும். பழைய போல்ட்டுகளைக் கழற்றும்போது சுண்ணாம்பு மாதிரி உதிருமே, அதுதான். நட்டில் செந்துரு, ஹெட்டில் வெள்ளைப் பொடி. நீங்கள் இழுக்கும்போது இரண்டில் எது முதலில் விடும் என்று சொல்ல முடியாது. நட்டோடு சேர்ந்து ஸ்டட்டே சுழன்று வெளியே வந்தால் பதறாதீர்கள். அதுவும் நல்லதுதான், புது ஸ்டட் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அது வரும்போது அலுமினிய மரையையும் சுரண்டிக்கொண்டு வருகிறதா என்று மட்டும் பாருங்கள். மரையின் இடுக்கில் வெள்ளிச் சுருள் ஒட்டியிருந்தால் இழுப்பதை நிறுத்தி, அங்கேயும் எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டித்தான் எடுக்க வேண்டும்.

இனி வேலை. இன்றைக்கு ஸ்பானரைத் தொடவே வேண்டாம். இரும்பு பிரஷ் எடுத்து நட்டையும், நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையையும் தேயுங்கள். துருச் செதில் உதிர்ந்து மரையின் கோடு கண்ணுக்குத் தெரிகிற வரை தேய்க்க வேண்டும். பிரஷ் போகாத இடத்துக்கு ஊசி, பழைய டூத் பிரஷ், எதுவானாலும் சரி. பத்துப் பேரில் ஒன்பது பேர் இதைச் செய்யாமல் துருவின் மேலேயே எண்ணெயைப் பீய்ச்சுகிறார்கள். துரு அதைக் குடித்துவிட்டுச் சும்மா இருக்கும்.

எந்த எண்ணெய் என்று ஊரில் பெரிய வாக்குவாதமே நடக்கும். டபிள்யூ.டி.-40 எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அது 1953-ல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்க உருவான திரவம். பெயரிலேயே அதுதான் இருக்கிறது: டபிள்யூ.டி. என்றால் 'வாட்டர் டிஸ்ப்ளேஸ்மென்ட்', ஈரத்தை விரட்டுவது. 40 என்பது நாற்பதாவது முயற்சி என்று அர்த்தம். லேசான துருவுக்குப் போதும். பழைய துருவுக்கு ஹார்டுவேர் கடையில் 'பெனட்ரேட்டிங் ஆயில்' என்றே கேட்டு வாங்குங்கள். அது கிடைக்கவில்லையா, டீசல் போதும், நேரம்தான் கொஞ்சம் அதிகம் எடுக்கும். பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றுகிற ஏ.டி.எஃப். ஆயிலும் அசிட்டோனும் சம அளவு கலந்து ஊற்றுகிறவர்கள் உண்டு. நன்றாகவே இறங்கும். ஆனால் பெயிண்டைத் தின்னும், தீப்பொறி பட்டால் குப்பென்று பிடிக்கும். நான் அதைச் சைலன்சர் பக்கம் கொண்டுபோக மாட்டேன். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளடைவில் பிசுக்காகி இன்னும் ஒட்டிக்கொள்ளும்.

ஊற்றுவதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. உங்கள் வண்டி மாதிரி சிலிண்டர் படுத்திருக்கும் எஞ்சினில் அந்த ஸ்டட்டுகள் கீழே பார்த்துத் தொங்கும். நீங்கள் விடுகிற எண்ணெய் ஒரு நிமிடத்தில் தரையில் சொட்டிவிடும். முதுநகர் துறைமுகத்தில் போட் எஞ்சின் வேலை பார்த்த என் பெரியப்பா இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பழைய லுங்கியில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, டீசலில் நனைத்து, போல்ட்டைச் சுற்றிக் கட்டுப்போட்டு, மேலே பாலிதீன் கவரைச் சுற்றி நூலால் கட்டிவிடுவார். புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவது மாதிரியே இருக்கும். சாயங்காலம் கட்டினால் மறுநாள் காலைதான் பிரிப்பார். நான் சின்னப் பையன், பக்கத்தில் நின்று, "இப்பவே இழுத்துப் பாக்கலாமே பெரியப்பா" என்பேன். "டேய், அது இருபது வருஷமா அங்க உக்காந்திருக்கு. ஒரு ராத்திரி குடுத்தா குறைஞ்சா போயிடும்?" என்பார். எண்ணெய் கீழிருந்து மேலேயும் ஏறும், விளக்குத் திரியில் ஏறுகிற மாதிரி. ஆனால் அதற்கு எண்ணெய் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், துணி அதைத்தான் செய்கிறது. நீங்களும் அப்படியே கட்டுங்கள். இரண்டு ராத்திரி என்றால் இன்னும் நல்லது. இடையில் காலையும் மாலையும் நனைத்துவிடுங்கள்.

கட்டை அவிழ்த்த பிறகு வண்டியை வெளியில் நிறுத்தி ஸ்டார்ட் செய்யுங்கள். மூடிய இடத்தில் வேண்டாம், கசிகிற புகை விஷம். எண்ணெய்த் துணி ஒரு நூல்கூட மிச்சம் இல்லாமல் எடுத்துவிட்டு, நட்டில் இருக்கும் எண்ணெயையும் துடைத்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஐந்து, பத்து நிமிடம் ஓடட்டும், பிறகு நிறுத்துங்கள். கை வைத்தால் சுடும் ஆனால் எடுக்கத் தோன்றாது என்கிற பதத்துக்கு ஆறியதும் மறுபடி எண்ணெய் விடுங்கள். நட்டும் ஸ்டட்டும் இரண்டுமே இரும்பு, இரண்டும் ஒரே மாதிரிதான் விரியும். அதனால் சூடு காட்டியதும் நட்டு தானாகத் தளர்ந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வரும்போது துரு நொறுங்கும், ஆறும்போது எண்ணெயை உள்ளே இழுக்கும். லாபம் அங்கேதான். இதையே இரண்டு மூன்று முறை செய்யலாம். மெழுகுவர்த்தியும் நல்ல வேலை செய்யும். நட்டு நன்றாகச் சூடாக இருக்கும்போது மெழுகை அதன் ஓரத்தில் தொட்டால் உருகி இடுக்குக்குள் ஓடும். சிலர் கேஸ் டார்ச்சால் சுட்டுக் காட்டுவார்கள். தலைக்கு மேலே பெட்ரோல் டேங்க், பக்கத்தில் கார்புரேட்டர். டேங்கைக் கழற்றித் தூரமாக வைக்காமல் நெருப்பைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். அதோடு அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், உருகுவதற்கு முன் இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்காது. உங்கள் வேலைக்கு எஞ்சினின் சொந்தச் சூடே போதும்.

அடுத்தது தட்டல். துருவை உடைப்பது பலத்தைவிட அதிர்ச்சிதான். நட்டின் ஒரு பக்கத்தில் கனமான சுத்தியலையோ இரும்புக் கட்டியையோ முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் சின்னச் சுத்தியலால் டக் டக்கென்று தட்டுங்கள். பிறகு அடுத்த பக்கம். ஆறு பக்கமும் ஒரு சுற்று. முட்டுக் கொடுக்காமல் அடித்தால் ஸ்டட் வளையும், அல்லது அடி நேராக ஹெட்டுக்குப் போகும். தட்டும்போது காதைக் கொடுங்கள். பிடித்திருக்கும் நட்டு கல்லில் தட்டின மாதிரி 'டிங்' என்னும். விட ஆரம்பித்தால் சத்தம் கொஞ்சம் மந்தமாகும். எப்போதும் அப்படி வரும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் எனக்குப் பலமுறை வந்திருக்கிறது.

இப்போது பாதியில் நின்ற அந்த நட்டுக்கு வருகிறேன். அதை மேற்கொண்டு கழற்றும் திசையில் இழுக்காதீர்கள். யோசித்துப் பாருங்கள், அது ஏன் நின்றது? வெளியே நீட்டிக்கொண்டிருந்த மரைதான் ரொம்பத் துருப்பிடித்த பகுதி. நட்டு உள்ளே சுத்தமான மரையில் இருந்து கிளம்பி, அந்தத் துருக் காட்டுக்குள் ஏறி, துருவை எல்லாம் தன் முன்னால் தள்ளிச் சேர்த்துக்கொண்டு அடைத்து நிற்கிறது. மணலில் வண்டி புதைந்த கதைதான். வந்த வழியே பின்னால் போக வேண்டும். ஒரு சுற்று, இரண்டு சுற்று திருப்பி உள்ளே இறுக்குங்கள். வெளி மரையைப் பிரஷ் போட்டுத் தேயுங்கள். எண்ணெய். மறுபடி வெளியே கால் சுற்று. கனத்தால் உடனே உள்ளே திருப்புங்கள். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும். செம்மண் நிறத்தில் சேறு மாதிரி எண்ணெயோடு துரு பிதுங்கி வரும். வந்தால் வேலை சரியாக நடக்கிறது என்று அர்த்தம்.

அசையாத நட்டுக்கு எப்படி இழுப்பது? ஓப்பன் ஸ்பானர் வேண்டாம், அது இரண்டு பக்கத்தில் மட்டும்தான் பிடிக்கும். உங்கள் நட்டின் மூலை அதனால்தான் மழுங்கியிருக்கும். ரிங் ஸ்பானர் பரவாயில்லை, ஆனால் பெரும்பாலான ரிங்குக்குப் பன்னிரண்டு மூலை. ஆறு மூலை சாக்கெட் ஒன்று வாங்கிவிடுங்கள், அது நட்டின் மூலையை விட்டுவிட்டுப் பக்கத்தைப் பிடிக்கும். ஒரே ஒரு 10 நம்பர் சாக்கெட்டும் டி-ஹேண்டிலும் வாங்கினால் போதும், முழு செட் தேவையில்லை. முதலில் கழற்றும் திசையில் இழுக்காமல் இறுக்கும் திசையில் ஒரு சின்ன வெட்டு வெட்டுங்கள். துரு எந்தப் பக்கம் உடைந்தாலும் உடைந்ததுதானே. பிறகு எதிர்த்திசை. மெதுவாகக் கூட்டிக்கொண்டே போகிற இழுப்பைவிட, ஸ்பானரின் நுனியில் உள்ளங்கையால் சுள் சுள்ளென்று அடிப்பது நல்லது. தள்ளாதீர்கள், உங்கள் பக்கமாக இழுங்கள். தள்ளும்போது சட்டென்று விட்டால் முட்டி நேராகச் சிலிண்டர் ஃபின்னில் போய்த்தான் அடிக்கும். என் வலது கையில் இன்னும் தழும்பு இருக்கிறது.

விடப்போகிற நட்டுக்கும் ஒடியப்போகிற ஸ்டட்டுக்கும் கையில் வித்தியாசம் தெரியும். விடுகிற நட்டு 'டிக்' அல்லது 'க்ரீச்' என்று ஒரு சத்தம் கொடுத்து, சட்டென்று கொஞ்சம் நகர்ந்து, மறுபடி கெட்டியாக நிற்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் நிறுத்தி எண்ணெய் விட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். ஒடியப்போவது சத்தம் போடாது. ரப்பரை முறுக்குவது போல ஜவ்வென்று இழுபடும், ஸ்பானர் நகரும், ஆனால் விட்டால் கொஞ்சம் திரும்பி வரும். இந்த ஜவ்வுத்தனம் தெரிந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும். 2015-ல் எனக்கு "இளகினது மாதிரி" இருந்தது என்று சொன்னேனே, அது இதுதான். அப்போது எனக்குத் தெரியவில்லை. நட்டின் மேல் சாக்பீஸால் ஒரு கோடும், ஸ்டட்டின் நுனியில் ஒரு கோடும் நேராகப் போட்டுக்கொள்ளுங்கள். இழுக்கும்போது இரண்டு கோடும் விலகினால் நட்டு சுழல்கிறது. சேர்ந்தே நகர்ந்தால் ஸ்டட்டும் கூடவே வருகிறது, அல்லது முறுகுகிறது. கைப்பழக்கம் வராதவர்களுக்கு இந்தக் கோடு பெரிய துணை.

மூலை முழுசாக மழுங்கி 10 நம்பர் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் பழைய காலத்து இஞ்ச் சாக்கெட்டில் எட்டில் மூன்று அளவு தேடுங்கள். அது 9.5 மி.மீ. மழுங்கிய 10 நம்பர் நட்டின் மேல் அதைச் சுத்தியலால் தட்டி ஏற்றினால் கச்சிதமாகக் கடிக்கும். புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய டூல் குவித்து விற்பார்கள், அந்த மாதிரிக் குவியலில் இஞ்ச் சாக்கெட் கிடைக்கும். இல்லையென்றால் அரத்தால் நட்டின் இரண்டு எதிர்ப்பக்கங்களை ராவி 9 நம்பருக்குக் கொண்டுவரலாம். பிளம்பர் வைத்திருக்கும் பைப் ரிஞ்சை மட்டும் போடாதீர்கள். இருக்கிற கொஞ்ச மூலையையும் தின்றுவிடும்.

அதற்கும் மசியவில்லையா? நட்டை வெட்டிவிடுங்கள். உங்களிடம் ஆக்ஸா பிளேடு இருக்கிறதே, முதலிலேயே இதைச் செய்திருக்கலாம் என்றுகூடச் சொல்வேன். பிளேடை ஃபிரேமில் இருந்து எடுத்து ஒரு முனையில் துணி சுற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். நட்டின் ஒரு பக்கத்தில், ஸ்டட்டின் நீளத்துக்கு இணையாக, மேலிருந்து கீழாக அறுங்கள். ஸ்டட்டின் மரையைத் தொடுவதற்கு ஒரு இழை முன்னால் நிறுத்த வேண்டும். பிறகு கூர்மையான சின்ன உளியை அந்தப் பள்ளத்தில் வைத்து ஒரே அடி. நட்டு முந்திரிக்கொட்டை மாதிரி விரிந்துவிடும். விரிந்ததும் பிடி போய்விடும், கையாலேயே சுற்றி எடுக்கலாம். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். அரை மணி நேர வேலை, சலிப்பான வேலை, ஆனால் ஸ்டட்டுக்குக் கொஞ்சமும் முறுக்கு போகாது. மற்ற எல்லா வழியிலும் ஸ்டட்டை நம்பித்தான் இழுக்கிறோம்.

எல்லாம் செய்தும் ஒடிந்துவிட்டால்? வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் சைலன்சரை இறக்கிவிட்டு, மறுபடி அதே டீசல் கட்டு, பிறகு இறுகப் பூட்டிக்கொள்ளும் வைஸ் கிரிப் பிளையரைப் போட்டு ஆட்டி எடுக்கலாம். அல்லது வெல்டிங் பட்டறையில் மிச்சத் துண்டின் மேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். பற்றவைக்கிற சூட்டிலேயே பாதி இளகிவிடும். ஹெட்டோடு மட்டமாக ஒடிந்திருந்தால் அது லேத் வேலை, வீட்டில் தொடாதீர்கள். 'ஈசி அவுட்' என்று ஒரு சாமான் கடையில் விற்கும். ஓட்டை போட்டு அதைச் செருகித் திருகினால் வந்துவிடும் என்பார்கள். பெயரில்தான் ஈசி. அது மிகக் கடினமான எஃகு, கொஞ்சம் சாய்ந்தால் உள்ளேயே ஒடியும். அப்புறம் எந்த டிரில்லும் அதில் இறங்காது.

நட்டைத் தவிர மற்ற போல்ட்டுகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை, எப்படியும் அடுத்துக் கேட்பீர்கள். கிளட்ச் கவர், மேக்னட் கவர் ஸ்க்ரூக்களில் நட்சத்திரத் தலை இருந்தால் அது ஜப்பான் அளவு. நம் வீட்டு ஸ்க்ரூட்ரைவர் பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் அடி வரை உட்காராது, நழுவிக் கொத்தும். ஜே.ஐ.எஸ். முனை என்று கேட்டு வாங்க வேண்டும். சுத்தியலால் அடித்தால் தானே கொஞ்சம் திரும்புகிற கை இம்பாக்ட் டிரைவர் என்று ஒன்று உண்டு. கரண்ட் வேண்டாம், விலையும் குறைவு. எஞ்சின் வேலைக்கு ஒரே ஒரு டூல் வாங்கச் சொன்னால் நான் அதைத்தான் சொல்வேன். அலுமினியத்துக்குள் போகிற இந்த மாதிரி ஸ்க்ரூ, போல்ட்டுக்குச் சூடு நேரடியாகவே உதவும். அலுமினியம் இரும்பைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். 8 மி.மீ. போல்ட்டுக்கு நூறு டிகிரி ஏறினால் ஓட்டை சுமார் நூறில் ஒரு மி.மீ. கூடுதலாகத் திறக்கும். கேட்க ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கும், மரைக்கு அது போதும். ஸ்பார்க் பிளக்குக்கு மட்டும் இந்த யோசனை வேண்டாம். சூடான ஹெட்டில் மரை சீக்கிரம் பிய்ந்துவிடும், ஆறிய பிறகே கழற்றுங்கள்.

எஞ்சினைச் சேஸோடு பிடித்திருக்கும் ஹேங்கர் போல்ட் வேறு ரகம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்ததே, அந்த மழையில் முத்தியால்பேட்டையில் இருக்கும் என் மச்சானின் ஸ்கூட்டர் தண்ணீரில் நின்றது. சில மாதம் கழித்து ஹேங்கர் புஷ் மாற்றப் போனோம். நட்டு சுலபமாகக் கழன்றது. நீளப் போல்ட் வெளியே வரவே இல்லை, புஷ்ஷின் இரும்புக் குழாய்க்குள் துருப்பிடித்து ஒன்றாகிவிட்டது. மச்சான் சுத்தியலை ஓங்கிவிட்டார். நுனியை வெறுமனே அடித்தால் மரை நசுங்கிப் பூத்துவிடும், பிறகு எந்தக் காலத்திலும் வெளியே வராது. நட்டைப் போல்ட்டின் நுனிக்கு மட்டமாகத் திரும்ப மாட்டி, அதன் மேல் மரக்கட்டை வைத்து அடிக்கச் சொன்னேன். நான் மறுபக்கம் தலையில் 14 நம்பர் ரிங்கைப் போட்டு முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருந்தேன். போல்ட் சுழல ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அது சுழலவே முக்கால் மணி நேரம் ஆனது.

இன்னொன்று, எந்தப் போல்ட்டாக இருந்தாலும் இழுக்கும் முன் அது இடது மரையா என்று ஒரு தடவை யோசித்துவிடுங்கள். சைக்கிளின் இடது பெடல், யமஹா வண்டிகளின் வலது கண்ணாடி இரண்டும் தலைகீழ் மரை. கழற்றுகிறோம் என்று நினைத்து இறுக்கிக்கொண்டே இருந்தால் அப்புறம் நமக்குத்தான் மரை கழன்றுவிடும்.

திரும்ப மாட்டும்போது பழைய நட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பித்தளை நட்டு கிடைத்தால் அதைப் போடுங்கள், இரும்பு ஸ்டட்டோடு துருவேறி ஒட்டாது. ஸ்டட் மரையில் காப்பர் கிரீஸ் ஒரு மெல்லிய பூச்சு போதும். அது சாதாரண கிரீஸ் மாதிரி சூட்டில் காய்ந்து காணாமல் போகாது. கிரீஸ் போட்ட மரை வழுக்கும், அதே இழுப்புக்கு அதிகமாக இறுகும், அதனால் வழக்கத்தைவிடக் கை கொஞ்சம் குறையட்டும். புது கேஸ்கெட்டை வைத்து, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கம் முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பைப் சாய்ந்து உட்கார்ந்து மறுபடி பட்பட்டென்றுதான் சத்தம் வரும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஒருமுறை போய் வந்தால் புது கேஸ்கெட் நசுங்கி உட்கார்ந்துவிடும். எஞ்சின் ஆறிய பிறகு அதே 10 நம்பரைப் போட்டு இரண்டையும் லேசாக ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள்.